கௌரவக் கேட்பாளர்

டேப்பில் ஒருவனின் இருமலை வெட்டினால் அதற்கு முன்னால் அவன் இழுத்த மூச்சையும் வெட்டவேண்டும். இல்லாவிட்டால், ஏதோ சொல்ல வாயெடுத்தவன் பயந்து நிறுத்திக்கொண்டது போலக் கேட்கும். ஆனால் மூச்சை வெட்டினால் அவன் பேசியதெல்லாம் பொய் போலக் கேட்கிறதே, என்று ஜெயலட்சுமி நினைத்தாள். இப்படி நினைக்க எப்போது பழகினோம் என்றும் நினைத்தாள்.

சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. ஒன்று அவள் கணவன் ரவிசங்கர் அவர்கள் குடியிருந்த வளைகுடா ஊரான ஃபஹாஹீலின் கடைத்தெருவில் வாங்கியது. மற்றது மன்றத்தின் சொத்து. அதன் முதுகில் ‘கடல்கடந்த இந்தியர் நல்லெண்ண மன்றம்’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. இரண்டையும் ஒரு கறுப்பு ஒயர் இணைத்தது. ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதியவேண்டும். வேண்டாத பேச்சு வரும்போது பதிகிற மெஷினை நிறுத்தி, அது கடந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். மன்றத்தின் சுற்றறிக்கை இதைச் ‘செம்மைப்படுத்துதல்’ என்றது. வீட்டில் வெட்டுவது என்றார்கள்.

ரவிசங்கர் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியில் தொள்ளாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஃபஹாஹீலுக்குத் தெற்கே எண்ணெய்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டினார்கள், டேங்க் கட்டினார்கள், மணலை ஒட்டிய கேம்ப்பில் தகரக் கூரையின்கீழ் ரூமுக்குப் பன்னிரண்டு பேராகப் படுத்தார்கள். பாதிப்பேருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்களுக்கும் கை வரவில்லை. அதனால் டேப்பில் பேசி, லீவில் ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரில் யார் வீட்டிலாவது ஒரு மெஷின் இருக்கும். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாரும் கேட்பார்கள்.

இந்த வழக்கத்தில் இருந்த ஆபத்தை முதலில் கண்டுபிடித்தவர் கம்பெனியின் பர்சனல் மேனேஜரும் மன்றத்தின் தலைவருமான கல்யாணசுந்தரம். “கடிதாசியை ஒருத்தி படிப்பா. டேப்பை ஒரு தெருவே கேட்கும்” என்று அவர் செயற்குழுவில் சொன்னபோது அறையில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

உடனே ‘குரல் கடிதத் திட்டம்’ பிறந்தது. தொழிலாளிகள் வெள்ளிக்கிழமைகளில் மன்றத்தின் ஹாலுக்கு வந்து மன்றத்தின் மைக்கில் இலவசமாகப் பேசலாம். பேசியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டு, செம்மைப்படுத்தி, அரக்கு முத்திரை வைத்துக் கொடுப்பார். லீவில் போகிறவன் பெட்டியில் முத்திரையில்லாத டேப் இருந்தால் கேம்ப் கேட்டிலேயே லீவு ரத்து. ‘கௌரவக் கேட்பாளர்’ என்ற பதவிக்கு ஜெயலட்சுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தமிழில் பி.ஏ. படித்தவள், பகலில் சும்மா இருப்பவள், அவள் கணவனின் அடுத்த பதவி கல்யாணசுந்தரத்தின் கையெழுத்தில் இருந்தது.

தொடக்க விழாவில் கல்யாணசுந்தரம் ஐம்பது நிமிஷம் பேசினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய தேசப்படம் தொங்கியது. அதில் ஃபஹாஹீலில் ஒரு சிவப்புக் கொடியும், கரையோரம் அதற்குத் தெற்கே ஜுபைலில் ஒரு சிவப்புக் கொடியும், இந்தியாவில் வெறும் குண்டூசிகளும் குத்தியிருந்தன.

“இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன இருந்தது? நாலு படகு, நூறு ஆடு. இப்ப? பூமிக்கடியிலேர்ந்து கறுப்புத் தங்கம் கொட்டுது! உலகமே ஓடி வருது. நாளைக்கு ஜுபைல்ல ஒரு புது நகரமே எழும்பப்போறது. அங்கே வெறும் மணல்தான் இருக்கு. மணல்ல நகரம் எழும்பணும்னா என்ன வேணும்? ஆள் வேணும். நம்ம ஆள்! ஒவ்வொரு தொழிலாளியும் தாய்நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுபோற குழாய். குழாய்ல அடைப்பு வரலாமா? அவன் டேப்புல ஒரு தப்பான வார்த்தை போச்சுன்னா ஊர்ல நாலு பேர் வரத் தயங்குவான். நாலு பேர் தயங்கினா ஒரு டேங்க் தள்ளிப்போகும். ஒரு டேங்க் தள்ளிப்போனா ரெண்டு தேசத்தோட எதிர்காலம் தள்ளிப்போகும். இங்கே கஷ்டமே இல்லைன்னு நான் சொல்லலை. சொல்லவேண்டாம்னுதான் சொல்றேன்.”

கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. தொழிலாளிகளும் தட்டினார்கள். திரும்பிப் போகும் வேன் அவர்கள் தட்டி முடித்த பிறகுதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

எதை வெட்டுவது என்பதற்கு விதிகள் தேவைப்பட்டன. செயலாளர் சேதுராமன் அவற்றை எழுதினார். கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். எடுத்த பொருளுக்குப் பதில் இன்னொரு பொருள் அலமாரியில் இருக்கவேண்டும் என்பவர். ‘வெயில்’ போனால் அந்த இடத்தில் ‘நல்ல காற்றோட்டம்’ வரவேண்டும். ‘பன்னிரண்டு பேர்’ போனால் ‘நண்பர்கள் நிறைய’. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது பற்றிப் பேசினால் ‘பத்திரமாக இருக்கிறது’ என்பதை மட்டும் வெட்டாமல் வைத்துக்கொள்ளலாம்.

இருமல் பற்றி மூன்று கூட்டங்கள் நடந்தன. இருமல் சொல் அல்ல என்று ஒரு தரப்பு வாதாடியது. ஆனால் அது சொல்வதைச் சொல்லிவிடுகிறதே என்று மறுதரப்பு. கடைசியில் ஒரு டேப்பில் ஒரு இருமல் இயற்கை, இரண்டாவது தற்செயல், மூன்றாவது புகார் என்று தீர்மானம் நிறைவேறியது. அழுகைக்குப் பத்து விநாடி கொடுத்தார்கள். அதுவரை பாசம், பதினோராவது விநாடியிலிருந்து விமரிசனம்.

“அழுகை எங்கே ஆரம்பிக்குதுன்னு எப்படி சார் கணக்குப் பண்றது?” என்று ஜெயலட்சுமி கேட்டாள். “சில பேர் பேசும்போதே...”

“நல்ல கேள்வி, மிஸஸ் ரவிசங்கர்” என்றார் கல்யாணசுந்தரம். அதற்கு ஒரு துணைக்குழு அமைந்தது. அவளுக்கு இன்னொரு பாட்டில் குளிர்பானம் வந்தது.

பழனிச்சாமி என்ற தொழிலாளி மைக்குக்கு முன்னால் ஏழு நிமிஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “அவ்வளவுதான்” என்று எழுந்துபோனார். அந்த டேப்பில் ஆட்சேபகரமாக எதுவுமே இல்லை என்று மன்றம் மகிழ்ந்தது. மௌனத்தைத் திருப்தி என்று பதிவேட்டில் எழுதி, அவருக்குச் ‘சிறந்த குரல்’ சான்றிதழ் வழங்கினார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, “இதக் காட்டுனா பாஸ்போட்டத் திருப்பித் தருவாங்களா சார்?” என்று கேட்டார். கைதட்டலில் அது மேடையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ஜெயலட்சுமிக்குக் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அந்தக் கேள்வி டேப்பில் வந்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்போம் என்று அவள் மனம் தேடிக்கொண்டே வந்தது.

பிறகு ஒரு நாள், செம்மைப்படுத்திய டேப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைச் சேதுராமன் கவனித்தார். அப்படியானால் தனித்தனியாகப் பேசவைப்பது வீண்தானே? மாதிரி டேப் ஒன்றை அவரே தன் குரலில் பேசினார். “அன்புள்ள குடும்பத்தாருக்கு, நான் இங்கு நலம். கம்பெனி எங்களைக் கண்ணின் மணிபோல் காக்கிறது.” இதில் நாற்பது பிரதி எடுத்து நாற்பது வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டிலிருந்து பதில் டேப் வந்தது. “நீங்க பேசுனதக் கேட்டோம். ஒங்க கொரலே மாறிப்போச்சு. ஆபீசரு ஆயிட்டீகளா? அத்தை சந்தோசத்துல அழுதுட்டாக. நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, ஐயா” என்றாள் ஒரு பெண். கணவனை ‘ஐயா’ என்றிருந்தாள். திட்டம் தொழிலாளியின் அந்தஸ்தை உயர்த்தியதற்கு இது சான்று என்று ஆண்டறிக்கையில் சேர்த்தார்கள்.

ஒரே ஒரு அவமானம் நேர்ந்தது. செயற்குழு உறுப்பினர் ஒருவர், முத்திரை வைத்த டேப் ஒன்றைப் பிரித்து அதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துகொண்டார். மன்றத்தின் மானம் போயிற்று. கல்யாணசுந்தரம் தன் கையாலேயே விதி பதினாலை எழுதினார். கேட்பாளர் வைத்த முத்திரையை, வைத்தவர் தவிர வேறு எவரும், தலைவர் உட்பட, உடைக்கவோ திரும்பப் பெறவோ கூடாது. தூதரகத்திலிருந்து விருந்தினர் வந்திருந்த நாளில் ‘தலைவர் உட்பட’ என்ற இடத்தில் நிறுத்தி, அதை இரண்டு முறை வாசித்தார். இரண்டு முறையும் தட்டினார்கள்.

ஜெயலட்சுமி வேலையில் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். ஒட்டு தெரியாமல் வெட்டினாள். அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் ரவிசங்கர், “இன்னைக்கு சைட்ல” என்று தொடங்கினால் அவள் கட்டைவிரல் தானாக ஒரு பொத்தானைத் தேடியது. திருச்சியில் இருந்த தங்கைக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பிப் படித்தபோது, அதில் வெட்ட எதுவும் இல்லாததைக் கண்டாள். அது அவளை நாள் முழுக்க உறுத்தியது. எழுதும்போதே வெட்டிவிட்டிருக்கிறோம். எப்போதிலிருந்து?

அவள் முகம் பார்த்த தொழிலாளிகள் குறைவு. குரல்களைத்தான் தெரியும். அதில் ராமநாதபுரத்துப் பக்கத்து வைரவனின் குரலை நன்றாகத் தெரியும். கனமான, பிசிறில்லாத குரல். மனைவி பெயர் நாகவள்ளி. மகளுக்கு மூன்று வயது. தம்பி கார்மேகத்துக்குப் பத்தொன்பது. முதல் டேப்பில், “கார்மேகமும் வந்துட்டா நமக்கு என்ன கொற? வரட்டும்” என்று சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பை அவள் வெட்டாமல் முழுசாக விட்டிருந்தாள். விதியில் சிரிப்புக்கு வரம்பு கிடையாது.

இன்று மதியம் அவனுடைய புது டேப் வந்திருந்தது. அவன் கேம்ப்பைச் சேர்ந்த மாயாண்டி மாலை விமானத்தில் ஊருக்குப் போகிறார். அவர்தான் கொண்டுபோக வேண்டும். டேப்போடு ஒரு சீட்டும் வந்தது. ஜுபைல் வேலைக்கும் இங்கே காலியான இடங்களுக்கும் நானூறு பேரை எடுக்க அடுத்த வாரம் மதராஸில் நடக்கும் விழாவில் வைரவனின் குரலை ஒலிபரப்பப் போகிறார்கள். ‘பதிவின்போது நான் உடனிருந்தேன். தம்பியைப் பற்றிய பகுதியை நீக்கி, முதல் டேப்பில் உள்ள “கார்மேகமும் வந்துட்டா” என்பதை அங்கே சேர்க்கவும். சேதுராமன்.’ சீட்டோடு இணைத்திருந்த, விழாவில் எடுக்கப்போகிறவர்களின் பட்டியலில் கார்மேகத்தின் பெயரும் இருந்தது.

அவள் டேப்பை ஓடவிட்டாள்.

“ஏ நாகவள்ளி, நாந்தேன். புள்ள என்ன செய்யிறா? நா நல்லாருக்கேன்.” ஒரு இருமல். “இங்கன குழாய்க்குப் பள்ளம் வெட்டுறோம். இந்த மண்ணு நம்ம மண்ணு மாதிரி இல்லத்தா, பிடிச்சு நிக்காது. போன மாசம் சரிஞ்சிருச்சு. எங்க ரூம்புல ரெண்டு கட்டிலு காலியாக் கெடக்கு. நேத்து வந்து அந்தக் கட்டிலத் தொடச்சுப் புதுப் பாய் விரிச்சுட்டுப் போயிருக்காக, புது ஆளுக்கு. அதுல கார்மேகம் படுக்க நாம் பாக்க மாட்டேன். அனுப்பிராத. வரட்டும்னு முன்னாடி சொன்னதும் நாந்தேன். தெரியாமச் சொல்லிட்டேன். அவன் பாஸ்போட்டு வந்திருந்தா அடுப்புல போட்ரு. ஆத்தா வஞ்சா வையட்டும்.”

இரண்டாவது இருமல். பிறகு குரல் மைக்குக்குப் பக்கத்தில் வந்தது.

“இதையெல்லாம் யாரோ ஒரு அம்மா கேட்டு வெட்டுறாகன்னு பேசிக்கிறாக. யம்மா, ஒங்க பேரு தெரியாது. வெயில வெட்டிக்கங்க, இருமல வெட்டிக்கங்க, நாஞ் சிரிச்சிருந்தா அதையும் எடுத்துக்கங்க. இத மட்டும் விட்ருங்க.”

டேப் ஓடித் தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது. இத்தனை மாதமாகக் கேட்டதெல்லாம் யாருக்கோ பேசியது. யாரும் ஜெயலட்சுமியிடம் பேசியதில்லை.

ரவிசங்கர் உள்ளறையிலிருந்து வந்தான்.

“போன மாசம் பள்ளம் சரிஞ்சுதே, எத்தனை பேருங்க?” என்று கேட்டாள்.

“சேஃப்டி ரிப்போர்ட் இன்னும் வரலை ஜெயா.”

“ரிப்போர்ட்ல எத்தனைன்னு கேக்கலை.”

அவன் தண்ணீர் குடித்தான். “ரெண்டு” என்றான். பிறகு, “தலைவர் இப்ப வருவார். ஜுபைல் ப்ரமோஷன் ஆர்டர்ல இன்னைக்குத்தான் என் பேரைப் போட்டிருக்கார். இன்னும் கையெழுத்து ஆகலை” என்றான்.

அவள் சமையலறைக்குப் போனாள். கேஸ் அடுப்பில் அரக்கை உருக்கினாள். வைரவன் பேசிய டேப்பையே அதன் பெட்டியில் வைத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை ஊற்றிப் பித்தளை முத்திரையை அழுத்தினாள். கை குலுக்கும் இரண்டு கைகளும், அவற்றின்மேல் ஒரு எண்ணெய்க் கோபுரமும் சிவப்பில் பதிந்தன. மேலே நாகவள்ளியின் பெயரை எழுதிவிட்டு, மேஜைமேல் இருந்த பதிவேட்டை நிரப்பினாள்.

அழைப்புமணி அடித்தது. கல்யாணசுந்தரம் வாசனைத் தைலத்தோடு நுழைந்தார். பின்னால் சேதுராமன். வாசலுக்கு வெளியே மாயாண்டி, கயிறு கட்டிய பெட்டியோடு நின்றார்.

“உள்ள வாங்க மாயாண்டி” என்றாள் ஜெயலட்சுமி.

“இருக்கட்டும்மா. கீழ வேன் நிக்குது. டேப்பு குடுத்தீகன்னா...”

அவள் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். “வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. நாகவள்ளி கையில நேரா குடுங்க.”

“பேஷ்! முடிச்சாச்சா?” என்றார் கல்யாணசுந்தரம். “மதராஸ்ல அந்தக் குரலைக் கேட்டா நானூறு என்ன, நாலாயிரம் பேர் வருவான். விழாவுக்கு ஒரு பிரதி வேணுமே, மிஸஸ் ரவிசங்கர்.”

சேதுராமன் மேஜைமேல் இருந்த பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நீக்கியவை’ என்ற கட்டத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தது. ‘சேர்த்தவை’ என்ற கட்டத்திலும் அதுவே.

“சார்” என்றார் மெதுவாக. “வெட்டவே இல்லை.”

அறையில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. இதை யாரும் குறிப்பில் எழுதவில்லை.

“மறந்துட்டாங்க. அவ்வளவுதானே?” என்று சிரித்தார் கல்யாணசுந்தரம். “மாயாண்டி, அதை இப்படிக் குடு.”

மாயாண்டி கையை நீட்டப் போனார்.

“சார், விதி பதினாலு” என்றார் சேதுராமன். அவர் குரலில் உண்மையான வலி இருந்தது. “முத்திரை விழுந்துடுத்து. திரும்பப் பெறக்கூடாது. தலைவர் உட்பட.”

“யோவ், அதை எழுதினதே நான்தான்யா!”

“அதனாலதான் சார். தூதரகத்துல பிரதி இருக்கு. நீங்களே வாசிச்சது. இவர் கேம்ப்ல போய், தலைவரே முத்திரையைப் பிரிச்சார்னு சொன்னா...”

எல்லாரும் மாயாண்டியைப் பார்த்தார்கள். அவர் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தேசப்படம் இல்லாத சுவரைப் பார்த்தார்.

“ஆனா வைச்சவங்க உடைக்கலாம்” என்றார் சேதுராமன். “விதியில இடம் இருக்கு.”

கல்யாணசுந்தரத்தின் முகம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடையில் பேசும் குரல் வந்தது.

“மிஸஸ் ரவிசங்கர், நீங்க படிச்சவங்க. ஒரு தனி மனுஷனோட பயம் பெரிசா, ஒரு தேசத்தோட வளர்ச்சி பெரிசா? ரெண்டு கட்டில் காலியா இருக்குன்னு அவன் பார்க்கறான். நான் என்ன பார்க்கறேன் தெரியுமா? ரெண்டு வேகன்ஸி. நம்ம ஊர்ல வேலையில்லாம ரெண்டு பசங்க இருக்கான். அந்தக் கட்டில் அவங்களோடது. அதை நாம தட்டிப் பறிக்கலாமா? மண்ணு சரியத்தான் செய்யும். மண்ணு சரியாத இடத்துல யாருக்குமே தங்கம் கிடைச்சதில்லை.”

பேசி முடித்தவர் வழக்கம்போல ஒரு கணம் காத்திருந்தார். யாரும் தட்டவில்லை.

“ஜெயா” என்றான் ரவிசங்கர். “ஒரே ஒரு வாக்கியம்தானே. அஞ்சு நிமிஷ வேலை.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை. ரெண்டு என்ற எண்ணை ஒரு மாதம் வாய்க்குள் வைத்திருந்தவன். எந்த மெஷினும் இல்லாமல் தன்னையே வெட்டிக்கொள்ளப் பழகியவன். நானும்தான், என்று நினைத்தாள். ஜுபைலில் இவருக்குக் குளிர்சாதன வீடு கிடைக்கும். அந்த வீட்டிலும் ஒரு சாப்பாட்டு மேஜை இருக்கும். அதன்மேல் இரண்டு மெஷின்கள் இருக்கும்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. “யல்லா, யல்லா!” என்று டிரைவர் அவசரப்படுத்திக் கத்துவது மாடிவரை கேட்டது.

“உங்க முத்திரைதானே, உடைச்சிருங்க” என்றார் கல்யாணசுந்தரம். “மாயாண்டி, அம்மாகிட்ட குடு.”

மாயாண்டி பொட்டலத்தை நீட்டினார். அவர் கண்ணில் ஒரு கேள்வியும் இல்லை. கொடுக்கச் சொன்னால் கொடுத்துப் பழகிய கை அது.

ஜெயலட்சுமி கையை நீட்டவில்லை. மேஜைக்குப் போய், இரண்டு மெஷின்களுக்கும் நடுவே இருந்த கறுப்பு ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கினாள். நாலு விரலில் சுற்றிச் சுருட்டினாள். அதைப் பதிவேட்டின்மேல் வைத்து, இன்னும் சூடு ஆறாத பித்தளை முத்திரையை அதன்மேல் வைத்தாள்.

“மிஸஸ் ரவிசங்கர்?”

“வேன் நிக்குது மாயாண்டி” என்றாள். “நீங்க கிளம்புங்க.”